ஒரு டிரம் அவுரியில் எவ்வளவு நீலம்?

வைகாசியில் எடுத்த நீலத்தில் தோய்த்த காடாத் துண்டு, மாதக்கணக்கில் வெயிலிலும் சோப்பிலும் அடிபட்டும் வெளுக்காமல் இருக்கிறது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தாலும் சாயம் ஒட்டுவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் குறிப்பை எழுத மனம் துணிந்தது. அவுரித் தழையை ஊறவைத்து நீலம் இறக்கியதிலிருந்து அதைத் துணியில் ஏற்றியது வரை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீலம் இறக்கும் அளவுகள் எல்லாம் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்கு உரியவை. ஒரு வீட்டு முற்றத்தில், இரண்டு பேர் கையால் சமாளிக்கக்கூடிய அளவு அதுதான்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களுக்கு அவுரி புதிய பயிர் அல்ல. விதைத்து, வெட்டி, தழையை எடைபோட்டுத் தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவோம். நீலமாக்குவது அவர் பாடு. பக்கத்தில் இருந்த தொட்டி நின்றுபோனதும் தழைக்கு ஆள் இல்லை. மடக்கி உழுதால் அருமையான பசுந்தாள் உரம்தான். பாதி நிலத்தை அப்படித்தான் உழுதேன். மீதிப் பாதியை உழ மனம் வரவில்லை. இத்தனை வருடம் விளைவித்த பயிரின் உள்ளே இருக்கும் நிறத்தை ஒருமுறையாவது என் கையால் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பயிர் செய்வதில் சொல்ல அதிகம் இல்லை. மாசி கடைசியில் விதைப்பு. ஏக்கருக்கு எட்டு கிலோ விதை என்ற கணக்கில் 10 சென்ட்டுக்கு 800 கிராம். விதையின் தோல் கெட்டியானது. அப்படியே தூவினால் பாதி முளைக்கும், பாதி மண்ணுக்குள் தூங்கும். மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக் கால்மணி நேரம் நன்றாகத் தேய்த்துவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் ஒரு சேர எழும்பும். முதல் ஒரு மாதம் களை எடுத்தால் போதும், பிறகு செடியே நிலத்தை மூடிக்கொள்ளும். உரம் எதுவும் போடவில்லை. வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் குடும்பத்துச் செடி.

விதை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. தென் மாவட்டங்களில் நிலாவாரையையும் அவுரி என்று சொல்லி விற்பார்கள். அது பேதி மருந்துக்கான செடி; நீலம் தராது. நிலாவாரையின் காய் அகன்று தட்டையாக இருக்கும். நமக்கு வேண்டிய அவுரியின் காய் மெல்லிய குச்சிபோல உருண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். உள்ளே விதைகள் இரு முனையிலும் நறுக்கிவிட்டாற்போல் சின்னஞ்சிறு உருளைகளாக வரிசையில் கிடக்கும். செடி முளைத்த பின் சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கி வெயிலில் காயவையுங்கள். கருநீலமாக மாறினால் சரியான செடி. இந்தப் பேரினத்தில் உலகெங்கும் 700க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வரப்பில் தரையோடு படரும் செப்பு நெரிஞ்சியும், சிவனார் வேம்பும் இதன் உறவுகள்தான். அவற்றை நான் ஊறப்போட்டதில்லை.

வெட்டும் பருவம் முக்கியம். ஏறக்குறைய 90 நாளில் இலைக் கக்கத்தில் இளஞ்சிவப்பு மொட்டு தலைகாட்டும். அப்போது அடி இலை உதிராமல், செடி முழுக்கத் தழையாக இருக்கும். பூத்துக் காய் பிடிக்க விட்டால் இலை குறைந்து குச்சிதான் மிஞ்சும். தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கருக்கரிவாளால் அறுத்தேன். அப்போதுதான் மறுதழை வரும். எந்த நேரத்தில் அறுப்பது என்பதையும் அனுபவத்தில்தான் கற்றேன். முதல் தடவை காலையில் அறுத்து, கட்டுக் கட்டி வேப்பமர நிழலில் வைத்துவிட்டு மாலையில் ஊறப்போட்டோம். கட்டைப் பிரித்தபோது நடுவில் கை வைக்க முடியாத சூடு. நசுங்கிய இலைகளெல்லாம் ஏற்கெனவே நீலம் பாய்ந்து கிடந்தன. அந்த நீலம் இலையிலேயே நின்றுவிடும், தண்ணீருக்கு வராது. இப்போது மாலை நான்கு மணிக்குமேல் அறுத்து, கட்டாமல் தார்ப்பாயில் பரப்பி எடுத்துவந்து, ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரில் அமுக்கிவிடுகிறோம்.

ஒரு டிரம்முக்கு 20 கிலோ தழை. குச்சியோடு சேர்த்த எடை இது. கொத்துக் கொத்தாக, நுனி மேலே பார்க்கும்படி நெருக்கமாக நிறுத்தி அடுக்கினேன். அதன்மேல் பிளந்த பனை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இரண்டு கருங்கல்லை ஏற்றி, 150 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். ஒரு இலைகூடத் தண்ணீருக்கு மேலே தலைதூக்கக் கூடாது. தழை ஊற ஊற உப்பிக் கல்லையே தூக்கப் பார்க்கும். அதனால் டிரம்மில் ஒரு சாண் காலியிடம் விட்டுவைக்க வேண்டும். தேங்கிய குட்டைத் தண்ணீர் வேண்டாம். கிணற்றிலோ ஆழ்துளைக் குழாயிலோ வரும் தெளிந்த தண்ணீர் போதும்.

இந்த ஊறல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் என்பதற்குப் படித்த இடத்திலெல்லாம் வெவ்வேறு கணக்கு. ஒரு குறிப்பில் 24 மணி நேரம் என்று இருந்தது; முதல் டிரம்மை அப்படியே விட்டேன். வைகாசி வெயிலில், ஓட்டுக் கொட்டகைக்குள், அவ்வளவு நேரம் மிக அதிகம். மறுநாள் மாலை மூடியைத் திறந்தபோது சாக்கடை நாற்றம். தண்ணீர் பச்சை போய்ப் பழுப்பாகியிருந்தது. அதிலிருந்து 40 கிராம் காய்ந்த நீலக் கட்டிதான் கிடைத்தது, அதுவும் சாம்பல் கலந்த கறுப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் நீலத் தொட்டியில் இறங்கிக் காலால் கலக்கும் வேலை செய்தவர். தொட்டிக்குள் வரிசையாக நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுக் கரைசலை ஒரே தாளத்தில் உதைத்துக் கலக்குவார்களாம். அவரிடம் போய் உட்கார்ந்தேன். “தம்பி, மணியைப் பார்த்து நீலம் இறக்க முடியாது. மோந்து பார், தொட்டுப் பார். கோடையில் ஒரு கணக்கு, மழையில் ஒரு கணக்கு” என்றார். அடுத்த டிரம்முக்கு விடியற்காலையில் அவரே வந்து நின்றார்.

அவர் காட்டிய அடையாளங்கள் இவை. தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக, டார்ச் அடித்தால் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரிய வேண்டும். மேலே மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய ஏடு படர்ந்திருக்கும். விரலால் விலக்கினால் திரும்ப மூடிக்கொள்ளும். ஓரத்தில் சிறு சிறு குமிழிகள் வந்து நிற்கும். அடித்தழையில் ஒன்றை உருவிப் பார்த்தால் பச்சை வற்றி வெளிறியிருக்கும். வாசனையில் பசும்புல்லின் நெடி குறைந்து, லேசான இனிப்புப் புளிப்பு எழும். அந்த வாசனையில் துளி நாற்றம் கலக்கும் முன் வடித்துவிட வேண்டும். வைகாசியில், தண்ணீரின் சூடு 31, 32 டிகிரி இருந்த இரவுகளில், இந்த நிலை 10 முதல் 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு ஊறப்போட்டால் காலை நான்கு மணிக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆடியில் மேகமூட்டமாக இருந்தபோது 15 மணி நேரம்வரை போனது.

நானாக ஒரு சோதனையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணாடித் தம்ளரில் கால் பங்கு கரைசல் எடுத்து, தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு கரண்டி விட்டு, கையால் மூடி ஒரு நிமிடம் குலுக்குவது. ஊறல் பற்றாமல் இருந்தால் வெறும் பச்சையாகக் கலங்கும். பதமாக இருந்தால் பச்சை, கரும்பச்சை, நீலம் என்று மாறி, தம்ளரை வைத்த சில நிமிடங்களில் நீலத் துகள் திரிதிரியாகக் கீழே இறங்கும். மேலே நிற்கும் தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் என்று ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த மணியில் அடியில் வண்டல் அதிகம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்தத் தம்ளர் வரிசையை முதல் நாளே வைத்திருந்தால் ஒரு டிரம் தழை மிச்சமாகியிருக்கும்.

வடிப்பதற்கு டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்தியிருந்தேன். தழையை எடுத்தபின் இரண்டாவது டிரம்முக்கு நைலான் கொசுவலை வழியாக வடித்தோம். தழையைக் கடைசியில் ஒட்டப் பிழியக் கூடாது. பிழிந்தால் மண்ணும் பசையும் சேர்ந்து வரும்.

அடுத்தது சுண்ணாம்பு. மரக்காணம் பக்கத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிறது, கிலோ 40 ரூபாய். கல் சுண்ணாம்பிலும் நீலம் இறங்கும். ஆனால் கிளிஞ்சலில் கசடு குறைவு. தாளித்த, அதாவது தண்ணீர் தெளித்து நீற்றிய, சுண்ணாம்பை முதல்நாளே ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மூடிவைத்துவிடுவேன். தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் பக்கத்தில் குனியவே கூடாது. ஒரு டிரம்முக்கு ஒரு கிலோ வரை கொட்டிப் பார்த்திருக்கிறேன். நீலம் மளமளவென்று இறங்கியது, காய்ந்த கட்டி 160 கிராம் நின்றது, மகிழ்ச்சி தாங்கவில்லை. கட்டியோ வெளிறிய வான நிறம். ஒரு துண்டை உடைத்து வினிகரில் போட்டதும் சோடாபோலப் பொங்கியது. எடையில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அந்தக் கட்டிகளை அரைத்து, பொங்குவது நிற்கும்வரை வினிகர் விட்டு, பலமுறை அலசிக் காயவைத்தால் 70 கிராம்தான் மிஞ்சியது.

இப்போது 150 லிட்டருக்கு 200 கிராம் சுண்ணாம்பிலிருந்து தொடங்குகிறேன். காரத்தின் அளவை நிறத்தால் காட்டும் பி.எச். தாளில் 10, 10.5 வந்ததும் நிறுத்திவிடுவேன். அதிகம் போனால் 250 கிராம் பிடிக்கும். கரைசலுக்கே நிறம் இருப்பதால் தாளை முக்கிப் படித்தால் ஒன்றும் புரியாது. தாளின் நுனியை மட்டும் தொட்டு, ஈரம் மேலேறும் விளிம்பில் தெரியும் நிறத்தைப் படிக்க வேண்டும். பெரியவருக்குத் தாள் தேவைப்படவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் கரைசலைத் தேய்த்து, வழுக்கல் வந்ததும் போதும் என்றார். தாளும் அதே நேரத்தில்தான் 10 காட்டியது.

அடிப்பதற்கு வருவோம். கரைசலுக்குள் காற்று புக வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தோம். மூங்கில் மத்தால் கடைந்தும் பார்த்தோம். இரண்டுமே தோளை முறிக்கும் வேலை. பிறகு ஏர்கூலரில் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டாரை 350 ரூபாய்க்கு வாங்கி டிரம்முக்குள் இறக்கி, அதன் குழாயை மேலே கொண்டுவந்து, துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை முனையில் மாட்டினேன். மழைபோலக் கொட்டியது. மோட்டார் வாயில் நார் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பழைய சாக்ஸை மாட்ட வேண்டியிருந்தது. மோட்டாரோடு இடையிடையே வாளியும் சேர்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிகிறது.

நுரைதான் இங்கே பேசுகிறது. முதலில் வெளிர்பச்சை நுரை பொங்கி டிரம்மின் வாயைத் தாண்டும். பிறகு நுரையின் முகடுகள் மட்டும் நீலமாகும். அப்புறம் முழு நுரையும் கருநீலமாகி, பக்கவாட்டில் பார்த்தால் செம்புப் பாத்திரத்தின் மினுக்கம் தெரியும். கடைசியில் நுரை வலுவிழந்து, எழுந்த வேகத்தில் உடைந்து அமுங்கும். அங்கே நிறுத்த வேண்டும். பொங்கி வழியும்போது ஆமணக்கெண்ணெய் நாலு துளி தெளித்தால் அடங்கிவிடும். அதற்குமேல் எண்ணெய் விடாதீர்கள்; பின்னால் கட்டியில் பிசுக்கு தங்கும். வெள்ளைத் தட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தால், நடுவில் நீலத் துகளும் சுற்றிலும் தேன் நிறத் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். சுற்றுத் தண்ணீர் பச்சையாக இருந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

இரவு முழுக்க அசைக்காமல் விட்டேன். காலையில் மேலே ஒரு முழத்துக்கும் அதிகமாகப் பழுப்புத் தண்ணீர். அடியில் நீலச் சேறு. தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டாவது குழாய் வைத்ததற்குக் காரணம் இதுதான்: மேல் தண்ணீரைக் கலங்காமல் வடித்துவிடலாம். மிஞ்சிய சேற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி தெளியவிட்டு வடித்து, இன்னொரு முறையும் அப்படியே செய்தேன். பிறகு அலுமினிய அண்டாவில் ஊற்றி, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே அரைமணி நேரம் சூடேற்றினேன். இதைச் செய்யாத சேறு இரண்டு நாளில் அழுகத் தொடங்கியது. சூடேற்றினால் பழுப்புப் பசையும் கரைந்து வடிநீரோடு போய்விடுகிறது. சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தை அரிக்கிறது என்பது அண்டாவின் உள்பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அடுத்தமுறை எவர்சில்வர்தான்.

வடிகட்ட நான்கு மடிப்பு வேட்டித் துணி. முதலில் சொட்டும் தண்ணீர் நீலமாகத்தான் வரும். அதைத் திரும்பத் துணிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். துணியின் கண்களை நீலமே அடைத்த பின் தெளிந்து சொட்டும். ஓர் இரவு தொங்கவிட்டால் கெட்டித் தயிர்ப் பதத்தில் 400 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக விழுது கிடைத்தது. அதை மரச்சட்டத்தில் அழுத்தி, நூலால் துண்டுபோட்டு, நிழலில் ஒரு வாரத்துக்குமேல் காயவைத்தேன். வெயிலில் வைத்த துண்டுகள் வெடித்துப் பொடிந்தன. மூடிய அறையில் வைத்தவை பூஞ்சணம் பூத்தன. காற்றோட்டமான நிழல் வேண்டும். சரியாக வந்த டிரம்மில் 20 கிலோ தழைக்குக் கிடைத்த காய்ந்த கட்டி 65 கிராம்.

65 கிராம் கையில் அடங்கிவிடுகிறது. பார்ப்பதற்குக் கறுப்பு. நகத்தால் அழுத்திக் கீறினால் கீறல் மட்டும் செம்பாகப் பளபளக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. சுண்ணாம்பு அதிகமான கட்டி மூழ்கியது. ஒரு சிட்டிகைப் பொடியைப் பழைய இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். சற்று நேரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் புகை எழுந்து, கரண்டியின் விளிம்பில் படிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின் உலகம் பெரும்பாலும் கைவிட்ட ஒரு பொருள், எங்கள் பத்து சென்ட் நிலத்திலிருந்து வந்து அடுப்படியில் ஊதா நிறத்தில் புகைந்துகொண்டிருந்தது.

கட்டி கிடைத்ததும் துணியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கக் காற்றில்லாத, காரமான கரைசல் வேண்டும். தெற்கில் இதற்குப் பழைய வழி, தகரை விதையோடு புளிக்கவைப்பது. குப்பைமேட்டில் முளைக்கும் அதே தகரைதான். விதை நாட்டு மருந்துக் கடையில் கிலோ 140 ரூபாய்க்குக் கிடைத்தது.

20 லிட்டர் மண்பானை, வாய் குறுகலானது. தகரை விதை 250 கிராமை மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குமேல் வேகவைத்தால் வழுவழுவென்று கஞ்சியாகிறது. நீலக் கட்டி 60 கிராமை முதல்நாள் இரவே வெந்நீரில் ஊறவைத்து அம்மியில் மையாக அரைத்தேன். திப்பி இருந்தால் அந்தத் திப்பி கடைசிவரை திப்பியாகவே கிடக்கும். அரைத்த விழுதும், ஆறிய தகரைக் கஞ்சியும், பனைவெல்லம் 150 கிராமும், சுண்ணாம்பு 80 கிராமும் பானையில் சேர்ந்தன. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுத்துவரை நிரப்பி, தட்டால் மூடி, வைக்கோல் சுற்றி வைத்தேன். காலையும் மாலையும் ஒரு கழியால் நுரை எழாமல் மெதுவாகக் கிளறினேன்.

கோடையில் வைத்த பானை நான்காம் நாளே திரும்பியது, அதாவது நீலம் கரைந்து கரைசல் பச்சையானது. மேலே செம்பு மினுக்கம் கொண்ட ஏடு, நடுவில் கருநீல நுரைக் கொத்து. ஏட்டை விலக்கினால் உள்ளே மஞ்சள்பச்சை. ஐப்பசி மழையில் வைத்த இன்னொரு பானை பத்து நாள் ஆகியும் வெறும் நீலத் தண்ணீராகவே கிடந்தது. இன்னும் சுண்ணாம்பு போட்டேன், அசையவில்லை. காரம் கூடியதும் புளிப்பும் அடங்கிவிட்டது. குறை சூட்டில்தான் இருந்தது. பானையைச் சாக்கு உமிக்குள் கழுத்துவரை புதைத்து, மூன்று லிட்டர் கரைசலை எடுத்துச் சூடாக்கி ஊற்றி, ஒரு கைப்பிடி வெல்லம் போட்டதும் மூன்றாம் நாள் பச்சை திரும்பியது. பானை 35 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் மற்ற தொல்லைகள் பாதி குறையும். புளிக்கப் புளிக்கக் காரம் இறங்கும்; பி.எச். 9.5க்குக் கீழே போனால் ஒரு கரண்டி சுண்ணாம்பு. அவசரம் உள்ளவர்கள் நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்ற கணக்கில் ஒரே நாளில் பானையைத் திருப்பிவிடுகிறார்கள். அதையும் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் அடியில் சுண்ணாம்பு வண்டல் நிறையத் தங்குகிறது. தகரைப் பானையைப் போலத் தீனி போட்டு மாதக்கணக்கில் காப்பாற்றவும் வரவில்லை.

துணியைத் தயார் செய்வதில் சோம்பினால் எல்லாம் வீண். கடையில் வாங்கிய காடாவில் கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் இருக்கும். சலவை சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீர் டீ நிறமானதும் கொட்டி, நன்றாக அலசினேன். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாத துணியைப் பானையில் விட்டதில் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது.

தோய்க்கும் முறை: துணியை நனைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். ஏட்டை ஓரமாக ஒதுக்கி, துணியைக் காற்றுக் குமிழி சேராமல் மெல்ல இறக்கி, அடி வண்டலைத் தொடாதபடி ஐந்து நிமிடம் கையால் அலைய விட வேண்டும். வண்டலைத் தடுக்கப் பானைக்குள் ஒரு வலைப்பை தொங்கவிட்டிருக்கிறேன். வெளியே எடுக்கும்போது தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகிலேயே பிழிந்தபடி எடுத்தால் பானைக்குள் காற்று புகுவது குறையும். துணி வெளியே வரும்போது நீலம் துளியும் இல்லை. இளம் வாழைக்குருத்தின் நிறம். உதறிப் பிடித்த நொடியில் மேல்விளிம்பில் பச்சை கறுக்கத் தொடங்கி, மடிப்புகளின் முதுகில் நீலம் ஏறி, ஒன்றிரண்டு நிமிடத்தில் துணி முழுக்கப் பரவிவிடுகிறது. கை ஒட்டிப் பிடித்த இடம் மட்டும் சற்று நேரம் பச்சையாகவே இருக்கும். அங்கே விரலை நகர்த்தினால் கண்ணெதிரே நீலமாகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இருபது நிமிடம் காற்றில் ஆறவிட்டு மறுபடி தோய்ப்பு. இரண்டு முக்கில் வான நிறம், ஆறு முக்கில் நல்ல நீலம். ஒரே முக்காக அரைமணி நேரம் ஊறவைத்தால் ஆழமாகும் என்று செய்து பார்த்தேன். ஆழமாகவில்லை. சின்னச் சின்ன முக்குகளும், இடையில் காற்றும்தான் நிறத்தை ஏற்றுகின்றன. கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை அலசிச் சுண்ணாம்பைப் போக்கி, பிறகு சோப்பில் வெந்நீர் அலசல். பானை சரியாகத் திரும்பாதபோது தோய்த்த துண்டு பார்க்க ஆழமாக இருந்தது. ஆனால் தோளில் போட்டவர் சட்டையெல்லாம் நீலம். கரையாத துகள் மேலே ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. உள்ளே மஞ்சள்பச்சை தெரியாத பானையில் துணியை விடவே கூடாது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிரம் இரண்டு 1,800 ரூபாய், குழாய்களும் பொருத்தும் கூலியும் 420, மோட்டார் 350, பி.எச். தாள் 180, பானை 250, சுண்ணாம்பு, தகரை, வெல்லம், சலவை சோடா எல்லாம் சேர்த்து 300க்குள். விதை போன வருடத்துச் சொந்த விதை. அறுப்புக்கும் சுமைக்கும் கொடுத்த கூலியைச் சேர்த்தால், முதல் வருடம் கட்டியை விற்றுப் பணம் பார்க்க வழியே இல்லை. டிரம்முக்கு 65 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 300 கிலோ தழைக்குமேல் வேண்டும். ஆனால் 60 கிராம் நீலம் போட்ட ஒரு பானை, வீட்டுக்கு வேண்டிய துண்டுகளையும் இரண்டு புடவைகளையும் ஒரு ஜமுக்காளத்தின் நூலையும் நனைத்தது. துணியாகக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகிறது.

இதிலிருந்து எடுத்த பெரிய முடிவு, இனிமேல் கட்டி காயவைக்கப் போவதில்லை. கட்டி தூரத்துச் சந்தைக்கு அனுப்புவதற்கான வடிவம். காயவைக்க ஒரு வாரம், பிறகு அதையே ஊறவைத்து அரைக்க ஒரு நாள், நடுவில் பூஞ்சணம், பொடிந்த சேதாரம். நாமே தோய்ப்பதென்றால் விழுதை அப்படியே பானையில் விடுவது எவ்வளவோ மேல். அம்மியில் எவ்வளவு அரைத்தாலும் அந்த நயம் வராது. ஆடியில் வெட்டிய மறுதழையின் விழுதை வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். ஒரு தேக்கரண்டி விழுதை உலர்த்தி எடைபோட்டு, புட்டியின்மேல் எழுதி ஒட்டிவிட்டால் பானைக்கு அளவும் தவறாது.

இன்னும் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டும். ஊறல் டிரம்மின் அடிக்குழாய் முக்கால் அங்குலம்தான். இலைத்துணுக்கு அடைத்து வடிக்கவே நேரமாகிறது, பதம் தாண்டிவிடுமோ என்று பதைப்பாக இருக்கிறது. ஒன்றரை அங்குலக் குழாய் வேண்டும். ஊறிய தழையை வெளியே அள்ளும் சிரமத்துக்கு, தழையை நைலான் வலைச்சாக்கில் கட்டி இறக்கிவிட்டால் அப்படியே தூக்கிவிடலாம். ஊறிய தழை முழுவதும் நாற்றங்காலுக்குப் போய்விட்டது. நாற்று கரும்பச்சையாக எழுந்திருக்கிறது. வடித்த சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் செடிகளுக்கு விடாமல் குழியில் ஊற்றி ஆறவிட்டேன்.

வரப்போரம் இரண்டு வரிசையை வெட்டாமல் விதைக்கு விட்டிருக்கிறேன். காய் பழுப்பாகி வெடிக்கும் முன், பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில் அறுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் விதை பாதி மண்ணில்தான். அறுத்ததைத் தார்ப்பாயில் ஒரு நாள் காயவைத்துக் கழியால் தட்டினால் போதும். வரும் மாசிக்கு 20 சென்ட் விதைக்கும் அளவு கிடைக்கும்.